இங்கிலாந்தில் ப்ளூ பேட்ஜ்: விண்ணப்பிப்பதும் முறையாகப் பயன்படுத்துவதும்

நடப்பதற்குப் பெரிதும் சிரமப்படும் ஒருவர், தாம் போக வேண்டிய இடத்தின் வாசலுக்கு அண்மையில் காரை நிறுத்திக்கொள்ள இங்கிலாந்தின் சட்டம் தரும் அனுமதியே ப்ளூ பேட்ஜ். 1970ஆம் ஆண்டில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் ஒன்றின் கீழ் 1971இல் செம்மஞ்சள் நிற அட்டையாகத் தொடங்கிய இத்திட்டம், 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான நீல வடிவத்துக்கு மாறியது. லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் நம்மவர் வீடுகளில் முழங்கால் தேய்ந்த அம்மாக்களும், பக்கவாதத்தில் இருந்து மீண்ட அப்பாக்களும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆயினும் அந்த வீடுகளில் பலவற்றில் இன்னமும் பேட்ஜ் இல்லை. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் ஒரு பகுதியினர். விண்ணப்பித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் மறுக்கப்பட்டவர்கள் இன்னொரு பகுதியினர். இந்த வழிகாட்டி இரு பகுதியினருக்கும் உரியது. இதில் சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்துக்கானவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் கட்டணமும் சில நிபந்தனைகளும் வேறுபடும்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பேட்ஜ் வழங்கப்படுவது ஆளுக்கு, காருக்கு அல்ல. கார் ஓட்டத் தெரியாத 80 வயது அம்மாவின் பெயரிலும், நான்கு வயதுப் பிள்ளையின் பெயரிலும் அது வழங்கப்படும். அவர் மகனின் காரில் போனாலும், மருமகளின் காரில் போனாலும், டாக்சியில் போனாலும் பேட்ஜ் அவருடன் போகிறது. "எங்களிடம் சொந்தமாகக் கார் இல்லையே" என்று விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

தகுதி இரு வழிகளில்

உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் மேலதிக விசாரணை எதுவும் இன்றி வழங்கும் வழி ஒன்று. மதிப்பீடு செய்து வழங்கும் வழி மற்றொன்று. மூன்று வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர், கடுமையான பார்வைக் குறைபாடு உள்ளவராகப் பதிவு செய்யப்பட்டிருந்தாலோ, டீ.எல்.ஏ. (Disability Living Allowance) என்னும் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவில் நடமாட்டத்துக்கான உயர் தொகையைப் பெற்றாலோ, போர்க்கால ஓய்வூதியத்தில் நடமாட்டத்துக்கான மேலதிகத் தொகையைப் பெற்றாலோ, உரிய கடிதத்தைக் காட்டினாலே போதுமானது. பிப் (PIP, Personal Independence Payment) என்னும் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு பெறுபவர்களின் நிலைதான் சற்றுச் சிக்கலானது. அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவதும் அதுவே.

பிப் தீர்மானக் கடிதத்தில் நடமாட்டப் பகுதிக்கு இரண்டு தலைப்புகள் இருக்கும். நடமாடுதல் பற்றிய 'மூவிங் அரவுண்ட்' என்ற தலைப்பின் கீழ் 8 புள்ளிகளோ அதற்கு மேலோ கிடைத்திருந்தால், அதாவது 50 மீற்றருக்கு மேல் நடக்க முடியாது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தால், பேட்ஜ் தானாகவே உரித்தாகிறது. பயணத்தைத் திட்டமிடுவது பற்றிய மற்றத் தலைப்பின் கீழ் ஒரேயொரு கூற்றுக்குத்தான் அந்த உரித்து உண்டு: தாங்க முடியாத உளத் துயர் ஏற்படும் என்பதால் எந்தப் பயணத்தையும் மேற்கொள்ள முடியாது என்ற, 10 புள்ளிகள் தரும் கூற்று. அதே தலைப்பின் கீழ், பழகிய பாதையில் கூடத் துணையின்றிப் போக முடியாது என்ற காரணத்தால் 12 புள்ளிகள் பெற்றவருக்கு இங்கிலாந்தில் பேட்ஜ் தானாகக் கிடைப்பதில்லை. கூடுதல் புள்ளி பெற்றவர் மதிப்பீட்டுக்குப் போக, குறைந்த புள்ளி பெற்றவர் நேரே பெறுவது விசித்திரமாகத் தோன்றினாலும் விதி அவ்வாறே அமைந்திருக்கிறது. ஆகவே, மாதாந்தத் தொகை எவ்வளவு என்பதைப் பார்த்து முடிவுக்கு வராமல், கடிதத்தின் உள்பக்கங்களில் எந்தக் கூற்றுக்கு எத்தனை புள்ளி என்று எழுதியிருப்பதைத் தேடி வாசியுங்கள். அந்தப் பக்கங்கள் அனைத்தையும் விண்ணப்பத்துடன் இணையுங்கள். தொகை குறிப்பிட்ட முதற்பக்கம் மட்டும் போதாது.

நம் பெற்றோரின் தலைமுறையினரில் பெரும்பாலோர் இந்த முதலாவது வழியில் வருவதில்லை. அரச ஓய்வூதிய வயதை அடைந்த பின் புதிதாகப் பிப் கோர முடியாது. அந்த வயதில் கிடைப்பது, பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். அதில் நடமாட்டம் என்ற பகுதியே இல்லாததால், உயர் தொகை பெற்றாலும் அது பேட்ஜுக்குத் தானாக உரித்தளிக்காது. "அலவன்ஸ் கிடைக்கிறதே, பேட்ஜும் வந்துவிடும்" என்று நம்பி அந்தக் கடிதத்தை மட்டும் அனுப்பிவிட்டு இருப்பவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். அக்கடிதத்தைத் துணைச் சான்றாக அனுப்பலாம்; ஆனால் நடப்பதில் உள்ள சிரமத்தை நீங்களே நிறுவ வேண்டும்.

மதிப்பீட்டு வழியில் வருபவர்கள் பலவகையினர். அறவே நடக்க முடியாதவர்கள், வலியாலோ மூச்சுத் திணறலாலோ மிகுந்த சிரமத்துடன் நடப்பவர்கள், நடப்பதே உயிருக்கு ஆபத்தாக அமையும் நோயுள்ளவர்கள், இரு கைகளிலும் கடும் குறைபாடு இருப்பதால் கட்டண இயந்திரத்தைக் கையாள முடியாத சாரதிகள், எப்போதும் பெரிய மருத்துவக் கருவிகளுடன் இருக்க வேண்டிய அல்லது அவசர சிகிச்சைக்காக வாகனத்தின் அருகிலேயே இருக்க வேண்டிய மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எல்லோரும் இதில் அடங்குவர். 2019 ஆகஸ்ட் 30 முதல் வெளியே தெரியாத குறைபாடுகளும் சேர்க்கப்பட்டன. ஆட்டிசம், மறதி நோய், கடும் பதற்றநோய் போன்றவற்றால் பயணத்தின்போது தமக்கோ பிறருக்கோ எப்போதும் ஆபத்து விளைவிக்கக் கூடியவர்களும், தம் நடத்தையைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு நிலைகுலைபவர்களும், திறந்த வெளிகளில் அடிக்கடி பெரும் அச்சத்துக்கு உள்ளாகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். எவ்வகையினராயினும் குறைபாடு நீடித்ததாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்காவது தொடரக் கூடியது என்பதே அதன் பொருள். கால் முறிந்து மூன்று மாதங்கள் ஊன்றுகோலுடன் நடப்பவருக்கும், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து தேறி வருபவருக்கும் பொதுவாகக் கிடைக்காது.

விண்ணப்பம்

அரசின் இணையத்தளமான கவ்.யூகே ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டும். அது உங்கள் வீட்டு முகவரிக்குரிய கவுன்சிலுக்குப் போய்ச் சேரும். இணையத்தில் தேடும்போது, படிவம் நிரப்பித் தருவதாகக் கூறிக் கூடுதல் பணம் கேட்கும் தனியார் தளங்கள் கண்ணில் படலாம். அவற்றுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் பேட்ஜின் கட்டணம் 10 பவுணுக்கு மேல் இருக்கக் கூடாது. இணையம் கைவராதவர்கள் கவுன்சிலைத் தொலைபேசியில் அழைத்துக் கடதாசிப் படிவம் கேட்கலாம். பெற்றோருக்காகப் பிள்ளையோ, பிள்ளைக்காகப் பெற்றோரோ நிரப்புவதற்கும் இடம் உண்டு; படிவத்தின் தொடக்கத்திலேயே, இன்னொருவர் சார்பில் விண்ணப்பிக்கிறேன் என்பதைத் தெரிவு செய்ய வேண்டும்.

அமர்வதற்கு முன் சில பத்திரங்களைக் கைத்தொலைபேசியில் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்று அடையாளத்துக்கு வேண்டும். முகவரிக்குக் கவுன்சில் வரிக் கடிதமோ அரச திணைக்களத்தின் கடிதமோ போதும். மகன் வீட்டில் வசிக்கும் பெற்றோரின் பெயரில் கவுன்சில் வரிக் கடிதம் வருவதில்லை. அவர்களுக்கு ஓய்வூதியம் அல்லது கொடுப்பனவு பற்றிய அரச கடிதம் கைகொடுக்கும். தேசியக் காப்புறுதி எண் இருந்தால் அதையும், முன்னர் பேட்ஜ் இருந்திருந்தால் அதன் எண்ணையும் கேட்பார்கள். புகைப்படம் அண்மையில் எடுத்ததாக, தலையும் தோள்களும் தெரிவதாக, முகத்தை வேறெதுவும் மறைக்காததாக இருக்க வேண்டும். திருமண வீட்டுப் படத்தில் இருந்து வெட்டி எடுத்ததை அனுப்பினால் திரும்பி வரும்.

இவற்றைவிட முக்கியமானவை மருத்துவச் சான்றுகள். குடும்ப வைத்தியர் 'இவருக்குப் பேட்ஜ் கொடுக்கலாம்' என்று எழுதித் தந்தால் காரியம் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முடிவெடுப்பவர் அவர் அல்லர். அப்படிப்பட்ட பொதுக் கடிதத்தைவிட, வைத்தியசாலையின் எலும்பு, இதய, நுரையீரல் அல்லது நரம்பியல் பிரிவில் இருந்து ஏற்கெனவே உங்களுக்கு வந்திருக்கும் கடிதங்களுக்கே மதிப்பு அதிகம். நோயின் பெயர், எப்போதில் இருந்து, என்ன சிகிச்சை, இனி எப்படி இருக்கும் என்பவை அவற்றில்தான் இருக்கும். வலி மருந்துகளின் பட்டியலையும், பிசியோதெரபிஸ்ட் எழுதிய அறிக்கையையும் சேருங்கள். பிள்ளைக்காக விண்ணப்பிப்பவர்கள், சிறுவர் நல வைத்தியரின் அறிக்கையையும், பாடசாலை ஆதரவுத் திட்டத்தில் பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிக் கூறும் பக்கங்களையும் இணைப்பது நல்லது.

விடைகளை எழுதும் முறை

விண்ணப்பங்கள் வெல்வதும் தோற்பதும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. கவுன்சில் எடைபோடுவது நோயின் பெயரை அல்ல. வாகனத்தில் இருந்து இறங்கி வாசல் வரை போகும்போது அந்த உடலுக்கு என்ன நேர்கிறது என்பதையே அது எடைபோடுகிறது. ஒரே மூட்டுவாதம் ஒருவரைச் சந்தைக்கு நடக்க விடும். இன்னொருவரைக் குளியலறை வரை போகவும் விடாது. ஆகவே நோய்களை வரிசையாக அடுக்கிவிட்டு நிறுத்துவது பயன் தராது.

கவுன்சில்களுக்கு அரசு வகுத்துள்ள வழிகாட்டலில் இரண்டு அளவுகள் கூறப்படுகின்றன. மொத்தமாக 30 மீற்றர் கூட நடக்க முடியாதவர் பெரும் சிரமம் உள்ளவராகக் கொள்ளப்படுவார். 80 மீற்றருக்கு மேல் நடக்கக் கூடியவரும், வேறெந்த வகையிலும் பெருஞ்சிரமம் காட்டாதவருமான ஒருவருக்குப் பேட்ஜ் கிடைக்காது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்களின் விடயத்தில் வலி, மூச்சுத் திணறல், நடையின் வேகம், நடக்கும் விதம், ஊன்றுகோல் போன்ற துணைகள் ஆகியவை கவனத்தில் எடுக்கப்படும். மீற்றர் கணக்கு நம் மனத்தில் எளிதில் நிற்பதில்லை. வீதியோரம் நெருக்கமாக வரிசையில் நிற்கும் ஆறேழு கார்களின் நீளம் ஏறக்குறைய 30 மீற்றர் வரும். அம்மா வழக்கமாக நடக்கும் தூரத்தைக் கைத்தொலைபேசியின் வரைபடத்தில் அளந்து, எத்தனை நிமிடம் எடுக்கிறது, எங்கே நிற்கிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று கூடவே நடந்து குறித்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு மூட்டுவாதமும் நீரிழிவும் உள்ளன, அதிக தூரம் நடக்க முடியாது" என்ற விடையை வாசிக்கும் அதிகாரிக்கு எதுவும் தெரியவராது. அதே அம்மாவைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்: "வீட்டு வாசலில் இருந்து நான்காவது வீட்டின் படலை வரை, ஏறத்தாழ 35 மீற்றர், கைத்தடியுடன் நடக்க மூன்று நிமிடங்கள் ஆகின்றன. இடையில் இரண்டு தடவை மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முதல் பத்து மீற்றருக்குள்ளேயே வலது முழங்காலில் குத்தும் வலி தொடங்குகிறது. காலைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து நடக்கிறேன். திரும்பி வந்தபின் அரை மணி நேரம் காலை நீட்டி இருந்தால்தான் மறுபடி எழுந்து நிற்க முடிகிறது. காலையில் வலி மாத்திரை எடுத்த நாளிலும் இதே நிலைதான்." இதில் மிகை எதுவும் இல்லை, நடந்தது அப்படியே இருக்கிறது. வாசிப்பவரின் கண் முன் அந்த அம்மா நடக்கிறார்.

நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருமானால் இரண்டையும் எழுதி, வாரத்தில் எத்தனை நாள் எந்த நிலை என்பதையும் குறிப்பிடுங்கள். கெட்ட நாளை மட்டும் எழுதினால் நேரில் பார்க்கும்போது முரண்படும். நல்ல நாளை மட்டும் எழுதினால் உரிமையை நீங்களே கைவிட்டதாகிவிடும். வெளியே தெரியாத குறைபாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள், கார்க் கதவு திறந்த கணத்தில் இருந்து நடப்பவற்றை எழுத வேண்டும். பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடுகிறதா, நகரும் வாகனத்தைக் கண்டு ஒதுங்கத் தெரிகிறதா, சத்தத்தில் நிலத்தில் விழுந்து புரள்கிறதா, எவ்வளவு அடிக்கடி, அதைத் தடுக்க நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள், ஏன் அவை பலிக்கவில்லை என்பன எல்லாம் வேண்டும். சத்தத்தைக் குறைக்கும் காதுக் கவசம், கைப்பட்டி, கூட இன்னொரு பெரியவர் என்று முயன்றவற்றைச் சொன்னால், பேட்ஜ் ஏன் தேவை என்பது தானாகவே விளங்கும்.

மதிப்பீட்டுக்கு அழைத்தால்

பத்திரங்களில் இருந்து முடிவெடுக்க இயலாதபோது, தொழில்வழிச் சிகிச்சையாளர் (occupational therapist) அல்லது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் விண்ணப்பதாரரைப் பார்ப்பார். நடந்து காட்டச் சொல்வதுடன், வீட்டில் இருந்து எப்படி வந்தீர்கள், கடைக்கு யார் போவது, மாடிப்படி ஏறுவீர்களா என்றெல்லாம் இயல்பாகக் கதைத்தபடியே கேட்பார். எந்த விடையும் வெறும் உபசாரமாக எடுத்துக்கொள்ளப்படாது. நம் பெரியவர்களுக்கு இங்குதான் சங்கடம். அந்நியர் ஒருவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "கடவுள் புண்ணியத்தில் நல்லாய் இருக்கிறன்" என்பதுதான் அவர்களின் வாயில் வரும். "நடப்பீர்களா?" என்றால், "ஓம், மெல்ல மெல்ல நடப்பன்" என்பார்கள். அந்த 'மெல்ல மெல்ல'க்குள் எவ்வளவு வலி இருக்கிறது என்பது மகளுக்குத் தெரியும், மதிப்பிடுபவருக்குத் தெரியாது. முதல் நாளே பெற்றோருடன் இருந்து, நலம் விசாரிப்பவரிடம் சொல்வது போல் அல்லாமல், வைத்தியரிடம் வலியைச் சொல்வது போலச் சொல்ல வேண்டும் என்று விளக்குங்கள். மானம் கருதி அன்று மட்டும் கைத்தடியை வீட்டில் விட்டு வருபவர்களும் உண்டு. அன்றாடம் பாவிக்கும் கைத்தடி, காலணி, மருந்து எல்லாம் அன்றும் கூட இருக்கட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் நாள் குறிக்கும்போதே கேளுங்கள்.

தீர்மானம் வர 12 வாரங்கள் வரை ஆகலாம். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டியது கவுன்சிலின் கடமை. எந்தச் சான்றைக் கவனிக்காமல் விட்டார்கள் அல்லது எது போதாது என்றார்கள் என்பதைப் பார்த்து, அதற்கு மட்டும் விடையளிக்கும் வகையில் மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள். கடிதத்தில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதைத் தவற விடக் கூடாது. விண்ணப்பத்தைக் கையாண்ட முறையிலேயே தவறு இருப்பதாகக் கருதினால், கவுன்சிலின் முறைப்பாட்டுப் படிகளை முடித்தபின் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக்கான ஒம்புட்ஸ்மன் என்னும் சுயாதீன முறைப்பாட்டு விசாரணையாளரிடம் போகலாம். உடல்நிலை மோசமடைந்தால் புதிதாக விண்ணப்பிப்பதற்கும் தடை இல்லை.

பேட்ஜ் கைக்கு வந்தபின்

உறையில் பேட்ஜும், நேரம் காட்டும் நீல நிற அட்டைக் கடிகாரமும், உரிமைகளையும் பொறுப்புகளையும் விளக்கும் கையேடும் இருக்கும். பேட்ஜின் இரு பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். தொலைந்தால் அதன் எண் தேவைப்படும். காரின் முகப்புப் பலகையில் அதை வைக்கும்போது, முடியும் திகதி உள்ள பக்கம் கண்ணாடி ஊடாக முழுமையாகத் தெரிய வேண்டும். புகைப்படம் உள்ள பக்கம் கீழே இருக்க வேண்டும். கதவை அடித்துச் சாத்தும்போது பேட்ஜ் வழுக்கிக் கீழே விழுவது வழக்கமாக நடப்பது. கதவைச் சாத்தியபின் ஒரு தடவை வெளியில் நின்று கண்ணாடி ஊடாகப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

வீதியோரத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பிடங்களிலும், கட்டணம் வசூலிக்கும் வீதியோர இடங்களிலும், வேறு கட்டுப்பாட்டைப் பலகையில் குறித்திருந்தாலன்றி, கட்டணமின்றியும் கால வரையறை இன்றியும் நிறுத்தலாம். ஒற்றை, இரட்டை மஞ்சள் கோடுகளின் மேல் மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம். அங்கே கடிகாரத்தை, வந்து சேர்ந்த நேரத்துக்குத் திருப்பி வைப்பது கட்டாயம். புறப்படப் போகும் நேரத்தை வைத்துத் தண்டம் கட்டியவர்கள் உண்டு. நேரம் முடிந்து எடுத்த வண்டியை, ஒரு மணி நேரம் கழியும் முன் அதே வீதியில் மறுபடி அதே சலுகையுடன் நிறுத்த முடியாது.

மஞ்சள் கோடு இருந்தாலும் நடைபாதையின் விளிம்புக் கல்லைப் பாருங்கள். அதில் குறுக்காக மஞ்சள் தீற்றல்கள் இருந்தால், சரக்கு ஏற்றி இறக்கவே தடை உள்ள இடம் அது. பேட்ஜ் இருந்தாலும் அந்தத் தடை நடைமுறையில் உள்ள நேரத்தில் நிறுத்தக் கூடாது. பேருந்துத் தடத்திலும், சைக்கிள் தடத்திலும், பாதசாரிக் கடவையை அண்டிய வளைகோடுகளிலும், பாடசாலை வாசலில் வரைந்த கோடுகளிலும் அனுமதி இல்லை. வீதியில் வசிப்போருக்கென ஒதுக்கிய இடங்களின் விதி கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். பலகையை வாசித்த பின்பே நிறுத்த வேண்டும்.

லண்டனின் நடுப்பகுதிக்குப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிட்டி ஒஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் அண்ட் செல்சீ ஆகியவற்றிலும், கேம்டனின் தென்பகுதியிலும் ப்ளூ பேட்ஜின் சலுகைகள் முழுமையாகச் செல்லாது. அங்கு வசிப்போருக்கு அந்தந்தக் கவுன்சில் தனியான அட்டை வைத்திருக்கிறது. வெளியில் இருந்து போகிறவர், போகும் வீதியின் விதியை முன்கூட்டியே கவுன்சில் தளத்தில் பார்த்துவிட்டுப் போவதே பாதுகாப்பானது. நகர நடுப்பகுதிக்கான நெரிசல் கட்டணத்தில் இருந்து பேட்ஜ் உள்ளவர்கள் முழு விலக்குப் பெறலாம். ஆனால் லண்டன் போக்குவரத்து அமைப்பிடம் பதிந்தால்தான் அது கிடைக்கும். பேட்ஜைக் காரில் வைத்திருப்பது மட்டும் போதாது. புகை வெளியேற்றத்துக்கான யூலெஸ் கட்டணத்துக்குப் பேட்ஜ் எந்த விலக்கையும் தருவதில்லை.

பல்பொருள் அங்காடிகள், தனியார் கார் பார்க்குகள், வைத்தியசாலை வளாகங்கள் ஆகியவற்றில் வீதிக்குரிய விதிகள் செல்லாது. அங்கே உரிமையாளர் எழுதி வைத்த பலகையே விதி. பேட்ஜ் இருந்தாலும் கட்டணம் கேட்கும் இடங்கள் பல உண்டு. வாசலில் கெமரா எண் தகட்டைப் படிக்கும் இடங்களில் முகப்புப் பலகையில் இருக்கும் பேட்ஜை எவரும் பார்ப்பதே இல்லை. இத்தகைய வைத்தியசாலைகளில், நிறுத்துவதற்குக் கட்டணம் இல்லை என்றாலும் கூட, வரவேற்பு மேசையில் பேட்ஜைக் காட்டிக் கார் எண்ணைப் பதிந்துவிட்டே உள்ளே போக வேண்டும். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வரும் தண்டக் கடிதங்கள் பெரும்பாலும் இந்த ஒரு செயலைச் செய்யாததால் வருபவை.

கவுன்சில் தண்டச்சீட்டு வந்தால், 14 நாட்களுக்குள் செலுத்துபவருக்குப் பாதித் தொகை போதும். ஆட்சேபம் தெரிவிக்க வேண்டுமானாலும் அந்த 14 நாட்களுக்குள்ளேயே எழுதுங்கள். பேட்ஜ் சரிந்து விழுந்ததே காரணம் என்றால், செல்லுபடியாகும் பேட்ஜின் இருபக்கப் படத்தையும், அன்று அதற்குரியவர் காரில் வந்தார் என்பதற்கு வைத்தியசாலைச் சந்திப்புக் கடிதம் போன்ற ஆதாரத்தையும் இணையுங்கள். முதல் தடவை என்றால் பல கவுன்சில்கள் விட்டுக்கொடுக்கும்.

குடும்பத்துக்குள் கடைப்பிடிக்க வேண்டியவை

பேட்ஜுக்குரியவர் காரில் வரும்போதும், அவரை இறக்கிவிட அல்லது ஏற்றிவரப் போகும்போதும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அம்மா வீட்டில் இருக்க, அம்மாவுக்காகத்தான் மருந்து வாங்கப் போகிறேன் என்பது காரணம் ஆகாது. அவரைக் காரிலேயே இருத்திவிட்டு மற்றவர்கள் கடைக்குப் போவதற்காக அந்த இடத்தை எடுப்பதும் தகாது என்று கையேடு சொல்கிறது. தவறாகப் பயன்படுத்துவது குற்றம். 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். அதிகாரி கேட்டால் பேட்ஜைக் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தவறாகப் பாவிக்கப்பட்ட பேட்ஜை அவர் அங்கேயே பறிமுதல் செய்யலாம். கோயில் திருவிழா நாளிலும் திருமண மண்டப வாசலிலும் பாட்டியின் பேட்ஜைப் பேரன் இரவல் வாங்கிச் செல்லும் வழக்கத்தை வீட்டுப் பெரியவர்கள் கண்டிக்க வேண்டும். அவன் எடுக்கும் அந்த ஓர் இடம், அதே மண்டபத்துக்கு ஒட்சிசன் குழாயுடன் வரும் இன்னொருவருக்கு இல்லாமல் போகிறது. மாட்டிக்கொண்டால், பாட்டியின் பேட்ஜும் போய்விடும்.

பேட்ஜ் திருடர்களுக்கும் விருப்பமான பொருள். பயன்படுத்தாத வேளையில் அதைக் காரில் விட்டுவைக்காமல் வீட்டுக்குள் எடுத்து வாருங்கள். திருடப்பட்டால் பொலிஸில் முறையிட்டு அந்த முறைப்பாட்டு எண்ணுடன் கவுன்சிலுக்கு அறிவியுங்கள். தொலைந்தாலும் கவுன்சிலுக்கே அறிவிக்க வேண்டும். மாற்றுப் பேட்ஜுக்கும் கட்டணம் 10 பவுணைத் தாண்டாது. பழையது பின்னர் கிடைத்தால் பாவிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஏனெனில் அது ஏற்கெனவே செல்லாததாக்கப்பட்டிருக்கும். பெயரோ முகவரியோ மாறினாலும், உடல்நிலை தேறித் தேவை இல்லாமற் போனாலும் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். உரியவர் காலமானால் பேட்ஜைத் திருப்பி ஒப்படைப்பது குடும்பத்தின் பொறுப்பு.

பேட்ஜ் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும், தானாகப் புதுப்பிக்கப்படாது. முடிவதற்கு 12 வாரங்களுக்கு முன்பே மறுபடி விண்ணப்பிக்கும்படி கைத்தொலைபேசி நாட்காட்டியில் இன்றே குறித்துவிடுங்கள். முடிந்த திகதிக்கு மறுநாள் அதைக் காரில் வைத்தால், புதியதற்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்ற விளக்கம் தண்டச்சீட்டில் இருந்து காப்பாற்றாது. முன்பு கிடைத்ததால் இம்முறையும் கிடைக்கும் என்று இரண்டு வரியில் நிரப்பி அனுப்பாதீர்கள். இடைப்பட்ட காலத்தில் வந்த வைத்தியசாலைக் கடிதங்களை எல்லாம் ஒரே கோப்பில் போட்டு வைத்திருந்து, நடையை மறுபடியும் அளந்து, இன்றைய நிலையை முதல் தடவை எழுதியது போலவே எழுதி அனுப்புங்கள்.